நிறுத்தி வைத்த ஒரு பிடி

குப்புசாமி தன் நிழலையே நம்பாத ஆள் என்று கர்நாடகத்து ஹனூர்ப் பக்கத்தில் பேர். அந்தப் பேர் சும்மா வந்துவிடவில்லை. பால்காரன் எதிரில் நிற்கும்போதே பாலில் விரலை விட்டுச் சொட்டிப் பார்ப்பார். ரேஷன் கடைக்குப் போனால் வீட்டு எடைக்கல்லைப் பையில் போட்டுக்கொண்டு போய், முதலில் இதை வைத்துக் காட்டு என்பார். மகள் ஸ்ரீதேவியின் கல்யாணத்தில் ஐயர் நடுவில் நாலு மந்திரத்தை முழுங்கிவிட்டார் என்று மணவறையிலேயே சண்டைக்குப் போனவர். எந்த மந்திரம் என்று ஐயர் கேட்டதற்கு, "அது எனக்கெப்புடித் தெரியும்? முழுங்குனது தெரியும்" என்றார்.

அப்படிப்பட்டவரைத்தான் பன்னிரண்டு குடும்பங்கள் கூடிப் பேசித் தங்கள் ஆளாக மைசூருக்கு அனுப்பின. குப்புசாமியை ஏமாற்ற இனிமேல் ஒருத்தன் பிறந்துதான் வரவேண்டும் என்று அவர்களுக்கு ஒரு தைரியம்.

விவகாரம் மக்காச்சோளம். தின்கிற சோளமல்ல, விதைச்சோளம். ஒரு விதைக் கம்பெனி ஊருக்கு வந்து, அந்தப் பன்னிரண்டு பேருடைய தோட்டங்களில் வீரிய விதை எடுத்துத் தரச் சொல்லி ஒப்பந்தம் போட்டது. பெண் செடி நாலு வரிசை, ஆண் செடி ஒரு வரிசை என்று நடவேண்டும். பெண் செடியின் உச்சியில் விரியும் பூக்கொத்தைக் கொண்டை என்பார்கள். அது தூள் உதிர்ப்பதற்கு முன்னால் தினமும் காலையில் வரிசை வரிசையாக நடந்து பிடுங்கிப் போட வேண்டும். தப்பவிட்டால் விதை கலந்துபோகும். பெண்கள் விடிந்தும் விடியாமலும் இறங்கி, சோளத் தோகை கையையும் கழுத்தையும் கீறக் கீறப் பிடுங்கினார்கள். குப்புசாமி தன் மனைவி பாக்கியலட்சுமி பிடுங்கி முடித்த வரிசையில் பின்னாலேயே இன்னொரு நடை நடந்து பார்த்தார். "எம்மேலயுமா?" என்று அவள் திரும்பிக் கேட்டாள். "எல்லார் மேலயுந்தான்" என்றார் அவர்.

அறுவடை முடிந்து கம்பெனி லாரி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போனது. போனதில் கொஞ்சத்தை எடுத்து மைசூருக்கு வெளியே தங்கள் பண்ணையில் விதைத்து வளர்த்துப் பார்த்தார்களாம். பாதிக்குப் பாதி கலப்பாம். உங்கள் ஆட்கள் கொண்டையைச் சரியாகப் பிடுங்கவில்லை, மொத்த விதையும் கோழித்தீவனத்துக்குத்தான் போகும், அந்த விலைதான் கிடைக்கும், அடுத்த போகத்துக்கு உங்கள் ஊரே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு போகத்து உழைப்பு முழுக்கக் கோழிக்கு என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது? விதை இருந்தது கம்பெனிக் கிடங்கில். எடுத்தவன் கம்பெனி ஆள். விதைத்தது கம்பெனி நிலம். எண்ணியது கம்பெனி விரல். வளர்ந்து நின்ற செடி இவர்கள் விதையில் வந்ததுதான் என்பதற்குக் கம்பெனியின் வாயைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

ஒப்பந்தம் இங்கிலீஷில் இருந்தது. கம்பெனியின் வட்டார மேலாளர் உதயகுமார் கொள்ளேகால்காரர், தமிழ் பேசுகிறவர், சிரித்த முகம். அவர் வாயால் சொன்னதைக் கேட்டுத்தான் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். அதில் இரண்டு சரத்துகள்தான் இந்தக் கதைக்கு வேண்டும். தகராறு வந்தால் மூன்று பேர் குழு விசாரிக்கும். இரு தரப்பும் ஒத்துக்கொண்ட ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் தலைவர், கம்பெனிக்கு ஒரு ஆள், விவசாயிகளுக்கு ஒரு ஆள். மூவரும் கையெழுத்திட்டால் அதுவே கடைசி முடிவு. இது ஒன்று. விதையில் ஒரு மணியைக்கூட விவசாயி தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது, வைத்திருந்தால் அவர் கணக்கைத் தீர்த்து வெளியே அனுப்பிவிடலாம், கேஸும் போடலாம். இது இன்னொன்று.

இந்த இரண்டாவது சரத்துதான் குப்புசாமியின் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருந்தது. ஏனென்றால் அவர் வீட்டில் ஒரு பிடி விதை இருந்தது.

அவர் எடுத்து வைத்ததல்ல. தானியத்தை அளந்து வெளியே கொடுக்கும்போது கடைசிப் படியை முழுசாகக் கவிழ்க்க மாட்டார்கள். ஒரு பிடியை நிறுத்தி வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் மிச்சத்தைக் கொட்டுவார்கள். மாட்டை விற்றால் கயிற்றைக் கொடுக்காமல் வைத்துக்கொள்கிறோமே, அந்த மாதிரி. லட்சுமி மொத்தமாகப் படி இறங்கிப் போய்விடக் கூடாது. லாரி வந்த அன்று பாக்கியலட்சுமி கடைசி மூட்டையைத் தைப்பதற்கு முன் ஒரு பிடி அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டாள். குப்புசாமிக்கு ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. சாமிப் படத்துக்குப் பின்னால் துணி முடிச்சைப் பார்த்ததும் அவருக்கு வேர்த்துவிட்டது.

"அடிப் பாவி, ஒரு மணி இருக்கக் கூடாதுன்னு எழுதியிருக்குது. உதயகுமார் கண்ணுல பட்டா அவ்வளவுதான்."

"அவரு எழுதறத எழுதிக்கட்டும். படியக் கவுத்துக் கொட்டற வழக்கம் எங்கப்பன் ஊட்லயும் இல்ல, உங்க ஊட்லயும் இல்ல" என்றாள் அவள்.

அன்றிலிருந்து குப்புசாமி அந்த முடிச்சை எங்கே வைப்பது என்று தெரியாமல் அலைந்தார். எறிந்துவிட மனம் வரவில்லை. கம்பெனி விதையை மாற்றிவிட்டது என்றால், மாற்றாத விதை உலகத்தில் இந்த ஒரு பிடிதான் என்று அவருக்குத் தோன்றியது. வெளியே காட்டவும் வழியில்லை. காட்டினால் முதலில் போவது அவருடைய பேர். ஊரில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. முக்கியமாகப் பக்கத்துத் தோட்டத்து லிங்கப்பனிடம். அறுவடைச் சமயத்தில் லிங்கப்பன் உதயகுமாரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனதை அவர் கண்ணால் பார்த்திருந்தார். கம்பெனி கொடுத்த சொட்டுநீர்க் குழாய் முதலில் இறங்கியதும் லிங்கப்பன் தோட்டத்தில்தான். சும்மா இறங்குமா?

விசாரணைக்கு முந்தின நாளே குப்புசாமி மைசூர் வந்துவிட்டார். துணி முடிச்சைச் சட்டையின் உள்பையில் வைத்துப் பின் குத்தியிருந்தார். வீட்டில் விட்டு வந்தால் அவர் இல்லாத நேரம் பார்த்துக் கம்பெனிக்காரன் வந்து தேடுவான் என்ற பயம். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்களே, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவன் தூங்கித் தோளில் சாய்ந்தால்கூட அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

விசாரணை நடக்கவிருந்தது ஒரு தானிய விற்பனைக் கூடத்து மாடியில். அன்று பிற்பகல் தன் நியமனக் கடிதத்தைக் கொடுக்க அங்கே போனபோது, வாசலில் கம்பெனி ஜீப் வந்து நின்றது. அதிலிருந்து பருத்திப் புடவை கட்டிய ஒரு அம்மாள் இறங்கினார். குழுவின் தலைவர் நஞ்சம்மா இவர்தான் என்று பியூன் சொன்னார். ஓய்வுபெற்ற விதை அதிகாரியாம். குப்புசாமிக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? நடுநாயகம் வந்து இறங்குவது கம்பெனி வண்டியில்!

கடிதத்தை வாங்கிக்கொண்ட நஞ்சம்மா, அவரை வராந்தாவின் ஓரத்துக்குக் கூப்பிட்டார்.

"யஜமான்ரே, நான் கொள்ளேகால்ல வேலை பாத்தவ. தமிழ் கொஞ்சம் பரவால்ல வரும். நேரா கேக்கறேன். உங்க ஆளுங்க கிட்ட அந்த விதை ஸ்வல்ப ஏதாவது இருக்கா?"

குப்புசாமியின் கை தானாகச் சட்டைக்குப் போனது. பாதி வழியில் நிறுத்திக் கழுத்தைச் சொறிந்தார்.

"இல்லீங் மேடம். ஒரு மணி கூட இல்லீங்."

"யோசிச்சுச் சொல்லுங்க. இருந்தா நாளைக்கு விசாரணை முடியறதுக்குள்ள குழு முன்னாடி வைங்க. யூனிவர்சிட்டியில குடுத்து வளத்துப் பாக்கலாம். குழு கேட்டுக் குடுத்த விதைக்கு அந்த சரத்து பொருந்தாதுன்னு உத்தரவுலயே நான் எழுதிடறேன். ஊர்ல கேட்டுப் பாருங்க."

"கேக்கறதுக்கு என்ன இருக்குதுங்க? இருந்தாத்தானுங்களே" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

படியின் அடியில் உதயகுமார் நின்றிருந்தார். வழக்கமான சிரிப்பு. டீ சாப்பிடலாமா அண்ணா என்றார். வேண்டாம் என்றதும் தோளில் கை போட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"ஊர்ல யாராச்சும் ஒரு பிடி ரெண்டு பிடி எடுத்து வெச்சிருந்தா எங்கிட்டச் சொல்லிருங்கண்ணா. பெருசு பண்ணாம நானே முடிச்சுத் தர்றேன்."

அவ்வளவுதான். குப்புசாமிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒரே கேள்வி, இரண்டு வாய். மேலே அந்த அம்மாள் வலையை விரிக்கிறார், கீழே இவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். விதையை எடுத்து மேஜையில் வைத்த மறுநிமிஷம் சரத்தைக் காட்டிக் கழுத்தைப் பிடிப்பார்கள். இந்தக் குப்புசாமியிடமா! அவருக்கு உள்ளுக்குள் ஒரு பெருமைகூட வந்தது. அதை நினைத்து அப்புறம் எத்தனையோ நாள் அவர் தன் தலையில் தானே அடித்துக்கொண்டார் என்பது வேறு.

ஸ்ரீதேவியின் வீடு மைசூரிலேயே, மண்டி மொஹல்லாவில். கீழே அவள் புருஷனின் ஸ்கூட்டர் உதிரிபாகக் கடை, மேலே இரண்டு அறை. சந்தில் ஆட்டோக்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு ஹாரன் அடிக்க, அவள் அப்பாவுக்குச் சோறு போட்டாள். அவர் நடந்ததைச் சொன்னார். விதை இருப்பதை மட்டும் மகளிடமும் சொல்லவில்லை.

"அந்தம்மா சொல்றது சரியா இருக்கும்ப்பா" என்றாள் ஸ்ரீதேவி. "ரெண்டு பேரும் ஒரே கேள்வி கேட்டா ரெண்டு பேரும் ஒண்ணுன்னு அர்த்தமா? அவங்களுக்குத் தெரிஞ்சுக்கணும், இவனுக்கு மறைக்கணும். மத்தவங்களுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்க, யார்கிட்டயாவது இருந்தா கொண்டு வரட்டும்."

"போன்லயா? போன்ல பேசறதெல்லாம் எங்கயோ பதிவாகுதாம். அதுவுமில்லாம லிங்கப்பன் காதுல விழுந்தா அடுத்த நிமிசம் உதயகுமார் காதுக்குப் போயிரும்."

"சும்மா எல்லாரையும் சந்தேகப்பட்டா எப்படிப்பா?"

"உனக்கு டவுன்ல இருந்து இருந்து புத்தி மழுங்கிப் போச்சு" என்றார் குப்புசாமி. சொல்லிவிட்டுச் சாம்பாரை முகர்ந்து, இது என்ன எண்ணெய் என்று கேட்டார். ஸ்ரீதேவி தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை பதினொரு பேரும் ஒரு டெம்போவை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கினார்கள். எல்லோர் முகமும் ஒரு மாதிரி இருந்தது. ஒருவரோடு ஒருவர் அதிகம் பேசவில்லை. லிங்கப்பன் கக்கத்தில் ஒரு மஞ்சள் பையை இடுக்கியிருந்தார். டீக் கிளாஸை வாங்கும்போதும் பையை விடவில்லை. உள்ளே என்ன என்று குப்புசாமி கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல, துண்டு" என்றார். துண்டைத் தோளில் போட்டிருந்தவர்! கம்பெனியிடம் ஏதோ கைமாறியிருக்கிறது என்று குப்புசாமி அப்போதே முடிவு கட்டினார்.

மாடியில் நீளமான மேஜை. நடுவில் நஞ்சம்மா, ஒரு பக்கம் கம்பெனி நியமித்த வக்கீல், மறு பக்கம் குப்புசாமி. பின்னால் பெஞ்சில் பதினொரு பேர். எதிரில் நாற்காலியில் உதயகுமார். பெஞ்சில் இருப்பவர்கள் பேசக் கூடாது, சொல்ல வேண்டியதைத் தங்கள் ஆள் மூலம்தான் சொல்ல வேண்டும் என்று முதலிலேயே படித்துவிட்டார்கள்.

உதயகுமார் படங்களைக் காட்டினார். வரிசையாக வளர்ந்த சோளத்துக்கு நடுவே குட்டை குட்டையாக நின்ற கலப்புச் செடிகள். குப்புசாமி விடவில்லை. அந்த விதை எங்களுடையதுதான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். மாதிரி எடுக்கும்போது எங்களில் ஒருத்தனையாவது கூப்பிட்டீர்களா, பையில் எங்கள் முத்திரை இருக்கிறதா என்று கேட்டார். பெஞ்சில் தலைகள் ஆடின. கம்பெனி வக்கீல் கொஞ்சம் நெளிந்தார். நஞ்சம்மா, "நியாயமான கேள்வி. முத்திரை இல்லாதது கம்பெனியோட தப்பு" என்று எழுதிக்கொண்டார். பிறகு பேனாவை வைத்தார்.

"ஆனா அது மட்டும் போதாது. அவங்க கையில ஒரு சோதனை இருக்கு. அதுக்கு எதிரா உங்க கையில ஏதாவது இருக்கணும். யஜமான்ரே, உங்க தரப்புல யார்கிட்டயாவது அந்த விதை இருக்கா?"

குப்புசாமியின் உள்பையில் முடிச்சு நெஞ்சோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தார். ஒரு கணம், ஒரே ஒரு கணம், உண்மையிலேயே கேட்கிறாரோ என்று தோன்றியது. உடனே ஜீப் நினைவுக்கு வந்தது. திரும்பிப் பெஞ்சைப் பார்த்தார். பதினொரு பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். லிங்கப்பன் மட்டும் மஞ்சள் பையைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்திருந்தார். வாய் திறக்கப் போகிற முகம்.

காட்டிக் கொடுக்கப் போகிறான் என்று குப்புசாமிக்குப் பளிச்சென்று பட்டது. எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டான். குப்புசாமி வீட்டில் இருக்கிறது என்று சொல்லித் தன் பேரைக் காப்பாற்றிக்கொள்ளப் போகிறான்.

"இல்லீங்!" என்றார். குரல் அவருக்கே பெரிதாகக் கேட்டது. "எங்க ஆளுக யார்கிட்டயும் ஒரு மணி கூட இல்லீங். நாங்க ஒப்பந்தத்த மீறுற ஆளுக இல்லீங்."

லிங்கப்பன் அப்படியே உட்கார்ந்தார்.

"நிச்சயமா? கடைசியா கேக்கறேன்" என்றார் நஞ்சம்மா.

"நிச்சயமுங்க."

அதற்கப்புறம் அதிக நேரம் ஆகவில்லை. எதிர்ச் சோதனைக்கு விதை இல்லாததால் கம்பெனியின் சோதனையை ஏற்க வேண்டியிருக்கிறது என்றும், இனிமேல் மாதிரி எடுக்கும்போது விவசாயியின் முத்திரை வேண்டும் என்றும் நஞ்சம்மா எழுதினார். இனிமேல் யாருக்கு? ஊரே வேண்டாம் என்று சொன்ன பிறகு? வக்கீல் கையெழுத்துப் போட்டார். குப்புசாமியும் போட்டார். போடாமல் இருந்தால் கம்பெனியின் தலைமை ஆபீஸ் இருக்கிற தூரத்து ஊர்க் கோர்ட்டுக்கு அலைய வேண்டும் என்று வக்கீல் மெதுவாகச் சொல்லியிருந்தார். தோற்றாலும் வலையில் விழவில்லை, யார் பேரும் கெடவில்லை என்று குப்புசாமி தன்னைத் தேற்றிக்கொண்டு கீழே வந்தார்.

கீழே முற்றத்தில் லாரிகளிலிருந்து சிந்திய தானியத்தைப் புறாக்கள் பொறுக்கிக்கொண்டிருந்தன. டெம்போவின் அருகில் பதினொரு பேரும் வாடிப்போய் நின்றார்கள். லிங்கப்பன் மஞ்சள் பைக்குள் கையை விட்டு, ஒரு துணி முடிச்சை வெளியே எடுத்தார். அவிழ்த்தார். உள்ளே இருந்ததை அள்ளிப் புறாக்களின் பக்கம் வீசினார். மக்காச்சோளம். மருந்து தடவாத, மஞ்சளான, புது விதை.

"லிங்கப்பா, இது..." என்றார் நஞ்சுண்டசாமி. கடைசித் தோட்டத்துக்காரர். "உங்கிட்டயுமா?"

"எம் பொண்டாட்டி பசம்மா நிறுத்தி வெச்சது. படிய முழுசாக் கவுக்க முடியுமா? அந்தம்மா கேட்டா எடுத்து வெச்சரலாம், வர்றது வரட்டும்னுதான் கொண்டாந்தேன். எந்திரிக்கவும் செஞ்சேன். அதுக்குள்ள நம்ம ஆளே இல்லேன்னுட்டாப்ல. அதுக்கு மேல நான் இருக்குதுன்னு சொன்னா, அவரப் பொய்யனாக்குன மாதிரி ஆயிருமே."

நஞ்சுண்டசாமி தன் வேட்டி மடிப்பை அவிழ்த்தார். அங்கேயும் ஒரு முடிச்சு. தொட்டையன் தன் செருப்புப் பைக்குள்ளிருந்து ஒரு மருந்து டப்பாவை எடுத்தார். ஒவ்வொருவராக எடுத்துப் புறாக்களிடம் வீசினார்கள். வெட்கத்தோடு, கோபத்தோடு, சிலர் சிரிப்பு மாதிரி ஒன்றோடு. எல்லோருடைய வீட்டிலும் ஒருத்தி ஒரு பிடியை நிறுத்தியிருந்தாள். எந்த வீட்டில்தான் நிறுத்தாமல் இருப்பாள்? ஆனால் ஒவ்வொருவனும் தன் வீட்டில் மட்டும்தான் என்று நினைத்து, பக்கத்துக்காரன் காட்டிக் கொடுத்துவிடுவான் என்று பயந்து, மறைத்து மறைத்து எடுத்துக்கொண்டு வந்திருந்தான். புறாக்கள் கூட்டமாக வந்து இறங்கின.

குப்புசாமி மாடிப்படியில் ஓடினார். அந்த வயதில் அப்படி ஓடியதை அங்கிருந்த பியூன் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தாராம். நஞ்சம்மா காகிதங்களைக் கட்டி முடித்திருந்தார்.

"மேடம், இருக்குதுங்க. எல்லார்கிட்டயும் இருக்குதுங்க. பன்னெண்டு ஊட்லயும்!"

நஞ்சம்மா அவரைப் பார்த்தார். உட்கார்ந்துகொண்டார்.

"மூணு பேர் கையெழுத்து ஆயிடுச்சு, யஜமான்ரே. இனிமே நான் ஒண்ணும் மாத்த முடியாது. ஒரு வீட்டுல இருந்தா கம்பெனி ஒத்துக்கிட்டிருக்காது. தனித்தனியா பன்னெண்டு வீட்டுல இருந்த விதை, எல்லாமே சுத்தமா வளந்து நின்னா, அதை மீறி அவங்களால ஒரு வார்த்தை பேச முடியாது. நேத்தும் கேட்டேன், இன்னிக்கும் கேட்டேன். ஏன் சொல்லல?"

"நீங்க கம்பெனி ஜீப்புல வந்து எறங்குனீங்க."

"சோளம் வளத்த நிலத்தைப் பாக்கப் போனேன். அங்க பஸ் போகாது. வேற வண்டி யார் குடுப்பாங்க?" என்றார் அவர். குரலில் கோபமில்லை, அலுப்புதான் இருந்தது. "நிலத்தைப் பாக்க நானும் வர்றேன்னு நீங்க முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உங்களையும் ஏத்திக்கிட்டுப் போயிருப்பேன்."

கம்பெனி விதையை மாற்றியதா, அல்லது உண்மையிலேயே கொண்டை தப்பியதா என்பது இனி யாருக்கும் தெரியப் போவதில்லை. கீழே வந்தபோது புறாக்கள்கூடப் போய்விட்டிருந்தன. குப்புசாமியின் உள்பையில் ஒரு பிடி மிச்சம் இருந்தது; ஒரு வீட்டு விதையை வைத்து இனி எதையும் நிரூபிக்க முடியாது.

டெம்போ கொள்ளேகால் சாலையைப் பிடித்தது. குப்புசாமி முன்சீட்டிலிருந்து எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்னால் திரும்பி நின்றார். சொல்லாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. சொல்லாமல் இருக்கத்தான் அவருக்கு வாழ்நாள் முழுக்கப் பழக்கம்.

"நேத்தே அந்தம்மா எங்கிட்டத் தனியாக் கேட்டாங்க" என்றார். "விதை இருந்தாக் குடுங்க, பேருக்கு ஒண்ணும் வராது, நான் எழுதித் தர்றேன்னாங்க. உங்க யார்கிட்டயும் நான் சொல்லல. எங்கிட்டயும் இருந்துச்சு. இன்னிக்கு லிங்கப்பன் எந்திரிச்சதப் பாத்து, என்னையக் காட்டிக் குடுக்கத்தான் எந்திரிக்கறான்னு நெனச்சு அவசரமா இல்லேன்னேன். லிங்கப்பா, உன்னையத்தான் நான் மொதல்ல இருந்தே சந்தேகப்பட்டேன்."

திட்டுவார்கள் என்று காத்திருந்தார். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். நஞ்சுண்டசாமி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். லிங்கப்பன் அவரையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். குப்புசாமி அப்படியே இடைகழியில் உட்கார்ந்துவிட்டார்.

அப்போது லிங்கப்பனின் போன் அடித்தது. பசம்மாவின் குரல் வண்டி முழுக்கக் கேட்டது. என்ன ஆச்சு, என்ன சொன்னாங்க, விதையக் கேட்டாங்களா என்று அவள் மூச்சு விடாமல் கேட்டாள்.

"போயிருச்சு, பசம்மா" என்றார் லிங்கப்பன். "விதையப் பத்தி யாரும் கேக்கவே இல்ல. குப்புசாமிண்ணன் நல்லாத்தான் பேசுனாரு. கம்பெனிக்காரனத் தெணற அடிச்சாரு. அவிய முன்னாலயே முடிவு பண்ணிட்டு வந்திருக்காங்க, நாம என்ன பண்ண முடியும்?"

குப்புசாமி தலையை நிமிர்த்தினார். குத்திக் காட்டுகிறானோ? அந்த முகத்தை உற்றுப் பார்த்தார். கேலியைத் தேடினார், கணக்கைத் தேடினார், பின்னால் எதற்கோ போடும் அடியைத் தேடினார். களைப்பைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை. தேடித் தேடி ஒன்றும் கிடைக்கவில்லை. துண்டை வாயில் வைத்துக்கொண்டு, பதினொரு பேருக்கு நடுவில், வெட்கமில்லாமல் அழுதார்.

தொட்டையனின் போன் அடித்தது. "ஆமா, கேக்கவே இல்ல" என்றார் தொட்டையன். நஞ்சுண்டசாமியும் அதையேதான் சொன்னார். யாரும் கூடிப் பேசி வைத்துக்கொள்ளவில்லை.

கடைசியாகக் குப்புசாமியின் போன். பாக்கியலட்சுமி. லிங்கப்பன் பின்னாலிருந்து, நீங்களும் அப்படியே சொல்லிவிடுங்கள் என்று கையால் ஜாடை காட்டினார்.

"ஏனுங்க, என்ன ஆச்சுங்க? கேட்டாங்களா?"

குப்புசாமி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கேட்டாங்க, புள்ள. திருப்பித் திருப்பிக் கேட்டாங்க. நாந்தான் இல்லேன்னுட்டேன்."

"ஏனுங்க?"

"நம்ம ஆளுகள நான் நம்பல" என்றார்.